பழைய கம்ப்யூட்டரும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்

சுவிட்சை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் முதல் எழுத்தைத் தட்டும் வரை 4 நிமிடம் 50 நொடி. போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் ஐந்து நிமிடத்தை ஒட்டியே வந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். திரும்பி வரும்போதும் அது எழுந்து முடித்திருக்காது.

2012-ல் வாங்கிய சிஸ்டம். இன்டெல் ஐ5 3470 ப்ராசசர், ஹெச்61 மதர்போர்டு, ஒரே ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-ல் ஆரம்பித்து அப்கிரேடு ஆகி ஆகி விண்டோஸ் 10-க்கு வந்து நின்றது. அதில் நாங்கள் செய்வது கடிதம் டைப் செய்வது, கணக்கு எழுதுவது, போட்டோ பார்ப்பது, பாட வீடியோ பார்ப்பது, அவ்வளவுதான். நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர் இதற்கெல்லாம் இன்றைக்கும் தாராளம். அப்படியிருக்க இவ்வளவு மெதுவாக ஏன் ஓடுகிறது என்பதுதான் என்னைக் குடைந்தது.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் மறுபடி ஸ்டாப்வாட்ச், வந்த எண்ணை நோட்டில் எழுதுவது. இப்படிச் செய்யாமல் நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது, எது வீண் என்று கடைசிவரை தெரியாது. ஏதாவது கெட்டுப்போனாலும் எதனால் என்று தெரியாது.

எங்கே நேரம் போகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமென்ஸ் பக்கத்தில் ப்ராசசர், மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனிக் கோடு ஓடும். சிஸ்டம் திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும். எல்லாம் அடங்கியபின் திறந்தால் எல்லாக் கோடுகளும் சாதுவாகத்தான் இருக்கும்.

நான் பார்த்தபோது ப்ராசசர் 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மெமரி 91 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு வெறும் 1.3 எம்பி. முதலில் எனக்கு இது பிடிபடவில்லை. முழு மூச்சாக வேலை செய்கிற டிஸ்க் ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறது?

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். இந்த டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி. அதற்கு முன் தலை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு எட்டு ஒன்பது மில்லிநொடி. ஆக ஒரு துண்டை எடுக்கப் பன்னிரண்டு பதின்மூன்று மில்லிநொடி. நொடிக்கு எண்பது துண்டு எடுத்தாலே பெரிது. பெரிய வீடியோ ஒன்றை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி கொடுக்கிற அதே டிஸ்க், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இங்கும் அங்கும் ஓடிப் பொறுக்கும்போது ஒன்றிரண்டு எம்பிக்கு இறங்கிவிடுகிறது. பூட் ஆவது, அதாவது கம்ப்யூட்டர் எழுந்து வருவது, கிட்டத்தட்ட முழுக்க இந்தப் பொறுக்கும் வேலைதான்.

மெமரி நிரம்பியிருப்பது இதோடு சேர்ந்துகொள்கிறது. ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் கொஞ்சத்தை எடுத்து டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலில் வைக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். ஏற்கெனவே ஓடிக் களைத்த டிஸ்கின் தலையில் இன்னொரு மூட்டை.

அப்புறம் சூடு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோரின் வெப்பநிலையையும் காட்டும். சும்மா இருக்கும்போதே 58 டிகிரி. பெரிய வீடியோ ஒன்றைச் சுருக்கக் கொடுத்தேன், ஆறாவது நிமிடத்தில் 97. கொஞ்ச நேரத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது 2.5, 2.2 என்று இறங்கத் தொடங்கியது. தாங்காத சூடு வந்தால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உள்ளே என்ன நிலைமை என்று திறக்காமலேயே ஓரளவு தெரிந்துவிட்டது.

அதே நாளில் செய்த ஒரே மாற்றம், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததை அணைத்தது. பதினொன்று இருந்தன. எப்போதோ விற்றுவிட்ட பிரின்டரின் உதவி மென்பொருள், போனை இணைக்க ஒரு காலத்தில் போட்டது, யாரும் கேட்காமலே வந்து சேர்ந்த இரண்டு அப்டேட்டர்கள். பாதுகாப்பு மென்பொருளையும் ஒலி சம்பந்தப்பட்டதையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை டிசேபிள் செய்தேன். 3 நிமிடம் 35 நொடி. கைக்காசு செலவில்லாமல் ஒன்றேகால் நிமிடம் மிச்சம்.

ரிஜிஸ்ட்ரி கிளீனர், ராம் பூஸ்டர் என்று கிடைக்கும் எதையும் போடவில்லை, போடவும் வேண்டாம். விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் சில நூறு பழைய வரிகள் கிடப்பதால் சிஸ்டம் மெதுவாவதில்லை. தவறான வரியை அழித்தால்தான் பிரச்சினை. ராமைக் காலி செய்கிறேன் என்று சொல்லும் மென்பொருள், சற்று நேரத்தில் திரும்பத் தேவைப்படும் விஷயங்களைத்தான் வெளியே தள்ளுகிறது. அதை மறுபடி எடுத்து வருவது யார்? அதே டிஸ்க்.

முதலில் டிஸ்கின் உடம்பு

கேபினட்டைத் திறக்கத் திருப்புளியை எடுத்துவிட்டேன். அதற்கு முன் டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஓடவிட்டது நல்லதாய்ப் போயிற்று. மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. பட்டியலில் 05 என்ற வரி பூஜ்யம். சி5 என்ற வரியில் 10, சி6 வரியிலும் 10.

இந்த மூன்று வரிகளையும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 05 என்பது கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்களின், அதாவது டிஸ்கின் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல், என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்கும் செக்டார்கள். சி6 என்பது டிஸ்க் தானே பரிசோதித்தும் மீட்க முடியாதவை. இன்னொன்று, அந்த மென்பொருள் கடைசிப் பத்தியில் உள்ள எண்களை வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. நான் முதலில் பத்து என்றுதான் நோட்டில் எழுதினேன். செட்டிங்கை மாற்றிப் பார்த்தபோது பதினாறு என்று தெரிந்தது.

பதினாறு செக்டார் என்பது 8 கேபிதான். ஆனால் இந்த எண் பூஜ்யமாக இல்லாத டிஸ்கை நம்பி இருக்கக் கூடாது. அதில் பத்து வருடப் போட்டோக்கள் இருந்தன. வேகம் பற்றிய எண்ணத்தை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுப்பதுதான் வேலை என்று ஆனது.

இந்த நிலையில் சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் செய்யக் கூடாது, பிழை தேடும் முழு செக் டிஸ்க் ஓடவிடக் கூடாது. இரண்டும் கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் உருட்டி எடுக்கும். முதலில் இழக்கவே முடியாததை எடுக்க வேண்டும். போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள், கணக்கு ஃபைல்கள் என்ற வரிசையில் ஒரு 1 டிபி வெளி டிஸ்குக்குக் காப்பி செய்தேன். பாதிக்கு மேல் சிக்கல் இல்லாமல் போயிற்று. 2016 என்ற ஃபோல்டரில் 71 சதவீதத்தில் கோடு நின்றது. கேபினட்டில் காதை வைத்துக் கேட்டேன். டிக், ஒரு நொடி அமைதி, மறுபடி டிக். தலை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது. விண்டோஸ் கைவிடவும் இல்லை, அடுத்த ஃபைலுக்குப் போகவும் இல்லை. காப்பியை நிறுத்திவிட்டு சிஸ்டத்தை முறையாக அணைத்தேன்.

இப்படிப்பட்ட டிஸ்குக்கு ஏற்றது, டிஸ்க் முழுவதையும் ஒரே பெரிய ஃபைலாக, படிமமாக, எடுத்துவைக்கும் டிடிரெஸ்க்யூ. பென் டிரைவிலிருந்து, விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான லினக்ஸை ஓடவிட்டு, அதற்குள்ளிருந்து இதை இயக்கலாம். மற்ற மென்பொருள் மாதிரி இது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தாண்டிக் குதித்து, நன்றாகப் படிக்க முடிகிறதை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, அப்புறம்தான் சிக்கலான இடங்களுக்குத் திரும்பும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைலுக்கு இடம் குறிப்பிடாமல் ஓடவிட்டால் இந்த வசதி கிடைக்காது, அதனால் கட்டளையில் மூன்றாவதாக அதன் பெயரைக் கொடுக்க மறக்க வேண்டாம். எது மூல டிஸ்க், எது சேருமிடம் என்பதையும் எண்டர் தட்டுவதற்கு முன் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். இடம் மாறினால் மீட்க வேண்டிய டிஸ்கின் மேலேயே எழுதிவிடும்.

ஹெச்61 போர்டில் யுஎஸ்பி 2 மட்டும்தான், நொடிக்கு முப்பது எம்பிக்குக் கொஞ்சம் மேல் போகும். 500 ஜிபிக்கு நாலரை மணி நேரம் ஆனது. கெட்ட இடங்களுக்கு மட்டும் தனியாக இன்னும் ஒன்றரை மணி. ராத்திரி முழுக்க ஓடி, காலையில் பார்த்தபோது படிக்க முடியாமல் நின்றது 4096 பைட். அது விழுந்திருந்தது ஒரு வீடியோவுக்குள். ஓடவிட்டால் ஓரிடத்தில் அரை நொடி கட்டம் கட்டமாகச் சிதறி, திரும்பச் சரியாகிறது. போட்டோ ஒன்றும் போகவில்லை. அந்தக் காலை வேளையில் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

கேபினட்டைத் திறந்தபோது

சிஸ்டத்தை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, அதன்பின் பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தேன். மதர்போர்டில் தங்கியிருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரம் இதில் தீர்ந்துவிடும். உள்ளே கை வைக்குமுன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டேன், வேலை நடுவிலும் அவ்வப்போது தொட்டுக்கொண்டேன். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கொன்றுவிடும், நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எந்த வயரையும் கழற்றுமுன் நாலாபக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ப்ராசசர் மேல் உள்ள ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் அதற்கும் சூட்டை வாங்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே கம்பளித் துண்டு விரித்தது போலத் தூசி. விரலால் தூக்கினேன், கிழியாமல் வட்டமாக அப்படியே வந்தது. இத்தனை நாளும் ஃபேன் கதறிச் சுற்றியதெல்லாம் இந்தக் கம்பளியின் மேல்தான். காற்று கீழே இறங்கவே வழியில்லை.

தூசி எடுக்க மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் காற்று ஊதும் ரப்பர் பல்பும் போதுமாக இருந்தது. ஃபேன் மேல் காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் பாழாகும். வீட்டு வாக்குவம் கிளீனரைப் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அது உறிஞ்சும் முனையில் நிலைமின்சாரம் சேரும். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதியதோடு சரி. அதைத் திறக்கவே கூடாது. வயரைப் பிடுங்கியபின்னும் அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஆபத்தான அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

தூசி போனதும் மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையை டார்ச் அடித்துப் பார்த்தேன். தலை மட்டமாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக எதுவும் கசிந்திருந்தாலோ மேலே ஒரு அடியும் வைக்காமல் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. இதில் எல்லாம் மட்டமாக இருந்தன.

ஹீட் சிங்கைக் கழற்றினால் அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்து உதிர்ந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் இரண்டு பக்கமும் முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தேன். புதுப் பேஸ்ட் நடுவில் பாதிப் பட்டாணி அளவு. அதிகம் வைத்தால் அதிகக் குளிர்ச்சி என்று இல்லை. இரண்டு உலோகப் பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. ஹீட் சிங்கை வைத்து அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். இன்டெல்லின் அந்த வட்டக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் பூட்டு விடும். திரும்ப மாட்டுமுன் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் டக் என்று விழ வேண்டும். நான்கும் விழுந்ததாகத்தான் நினைத்தேன். ஆன் செய்து, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குள் போய்ப் பார்த்தால் வெப்பநிலை 70, 78, 84 என்று கண்முன்னே ஏறுகிறது. உடனே அணைத்தேன். போர்டைக் கேபினட்டிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தபோது மூன்று கால்களின் வெள்ளை நுனி விரிந்திருக்கிறது, நான்காவதின் நுனி துளைக்குள்ளேயே மடங்கி நிற்கிறது. கூலர் ஒரு மூலையில் மயிரிழை தூக்கியிருந்திருக்கிறது. ஒரு முறை தூக்கியபின் பழைய பேஸ்ட்டின் மேலேயே வைத்தால் நடுவில் காற்றுக்குமிழி நிற்கும். ஆகவே மறுபடி துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, போர்டை வெளியே வைத்தபடியே மாட்டினேன். பின்பக்கத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தபின்தான் கேபினட்டுக்குள் வைத்தேன். இப்போது சும்மா இருக்கும்போது 36, அதே வீடியோவைச் சுருக்கும்போது 68. வேகம் கடைசிவரை இறங்கவில்லை. சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

நீலத் திரை

பயாஸ் வரை வந்ததே, இனி விண்டோஸ் வரும் என்று பார்த்தால் நீலத் திரை. பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்ற செய்தி. ரீஸ்டார்ட் ஆகி மறுபடி அதே. டிஸ்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பேக்கப் கையில் இருந்ததால் பதறாமல் யோசிக்க முடிந்தது.

பயாஸில் டிஸ்க்கின் பெயர் சரியாகத் தெரிகிறது. டேட்டா கேபிள் இறுக்கமாக இருக்கிறது. அப்படியானால் காலையிலிருந்து இப்போதுவரை என்ன மாறியது? நோட்டைப் பார்த்தேன். பேஸ்ட் வைத்த அன்றே மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றியிருந்தேன். சில மாதங்களாக இரவில் பிளக்கைப் பிடுங்கிவைத்தால் மறுநாள் கடிகாரம் சில மணி நேரம் பின்தங்கியிருக்கும். தேதி ரொம்பவே தவறிப்போனால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கூடச் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். அதனால் மாற்றினேன். ஆனால் பிளக் இல்லாமல் பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. டிஸ்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ ஆகிவிட்டது. ஒரு மோடில் பழகிய விண்டோஸ் இன்னொரு மோடில் தன் டிஸ்கையே அடையாளம் காணாது. திரும்ப ஏஹெச்சிஐ என்று மாற்றி சேவ் செய்தேன், விண்டோஸ் ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றது.

பேட்டரியைத் தொடுமுன் பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவையுங்கள். ஐந்து நிமிட வேலை.

இத்தனைக்கும் பிறகு பூட் நேரம் 3 நிமிடம் 22 நொடி. சுத்தம் செய்ததால் பூட்டில் கிடைத்தது வெறும் பதின்மூன்று நொடிதான். அது எனக்கு ஏமாற்றமாக இல்லை. சூடு தணிந்ததன் பலன் நீண்ட வேலைகளில் தெரியும், அந்த ப்ராசசர் இன்னும் சில வருடம் உழைக்கும்.

ராம்

இருந்ததோடு அதே மாதிரி இன்னொரு 4 ஜிபி. டிடிஆர்3 1600, 1.5 வோல்ட். டிடிஆர்4 இந்த ஸ்லாட்டில் நுழையவே நுழையாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். பழைய ராமின் பித்தளை நிறக் காண்டாக்ட்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டினேன். முதல் முறை திரை வரவில்லை, ஒரு முனை முழுதாக இறங்கவில்லை. அழுத்தியபோது பக்கவாட்டுக் கொக்கி தானே மூடிக்கொண்டது, அப்புறம் வந்தது. ஒரே ராமாக இருந்தபோது நொடிக்கு 12.8 ஜிபியாக இருந்த பாதை, இரண்டு சேனலாக ஆனதும் ஏட்டளவில் 25.6. ராமைப் பரிசோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ ஒரு ராத்திரி ஓடவிட்டேன், பிழை இல்லை.

பூட் 3 நிமிடம் 10 நொடி. ஆனால் இந்த எண் ராமின் அருமையைச் சொல்லாது. பத்து டேப் திறந்துவைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முன்பு வெள்ளைப் பக்கம் நிற்கும், இப்போது சட்டென்று வருகிறது. ஸ்டாப்வாட்ச் எதை அளக்கிறதோ அது மட்டுமே வேகம் இல்லை.

எஸ்எஸ்டி

ஹார்ட் டிஸ்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போடுங்கள், எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்வது சரியும்கூட. நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்றவை எவ்வளவு தந்தன என்று தெரிந்துகொள்ளும் ஆசை. நேரம் இல்லாதவர்கள் பேக்கப் எடுத்த கையோடு நேராக இதற்கு வந்துவிடலாம்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி. ஹெச்61-ல் இருப்பது பழைய தலைமுறை சாட்டா, நொடிக்கு 3 ஜிகாபிட். எஸ்எஸ்டி தன் பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பியை இங்கே எட்டாது, 270-ஐ ஒட்டி நின்றுவிடும். இதைக் காரணம் காட்டி எஸ்எஸ்டி போட்டுப் பயனில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அது தவறு. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். நம் பிரச்சினை வரிசையாகப் படிப்பதில் இல்லை, பொறுக்குவதில்தான். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. நொடிக்கு எண்பது துண்டு என்பது பல ஆயிரமாக மாறுகிறது. பழைய சாட்டாவும் அந்த வித்தியாசத்தைத் தடுக்காது.

எஸ்எஸ்டி, இயங்குதளம் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் என் விதியை நானே மீறியதாகும். அதனால் டிடிரெஸ்க்யூ எடுத்த படிமத்தை அப்படியே எஸ்எஸ்டியில் எழுதினேன். 480 ஜிபி என்று போட்டதை வாங்கியிருந்தால் அது பொருந்தியிருக்காது, பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டி வந்திருக்கும். படிமம் எடுத்தது ஸ்டார்ட்அப் பட்டியலைச் சுத்தம் செய்த பிறகுதான் என்பதால் ஒப்பிடுவதில் குழப்பம் இல்லை. மின்சாரத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும் சாட்டா வயரைப் பயன்படுத்தினேன். பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து மாற்றித் தரும், அச்சில் வார்த்த மலிவு அடாப்டர்களில் உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று பட்டுத் தீப்பிடிப்பதுண்டு.

அதே விண்டோஸ், அதே மென்பொருள்கள், டிஸ்க் மட்டும் வேறு. 57 நொடி.

மறுபடி மூன்று முறை பார்த்தேன். 57, 55, 56.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டு கொஞ்ச காலம் நீட்டிக்கலாம், அதுவும் கெடு உள்ளதே. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை இன்டெல்லும். இது மூன்றாம் தலைமுறை. நிபந்தனையைத் தாண்டிப் போடும் வழிகள் இருக்கின்றன, ஆனால் அப்டேட் வருமா வராதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்க வீட்டு சிஸ்டத்தில் எனக்கு விருப்பமில்லை. லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைப் போட்டேன். 2029 வரை அப்டேட் உண்டு. திரை வந்து நிற்கும்போது ராமில் ஒரு ஜிபியை ஒட்டித்தான் எடுத்துக்கொள்கிறது. 36 நொடி.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர் மாறக் கூடாது. பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு பிரின்டர், ஸ்கேனர், வைஃபை எல்லாம் எடுக்கிறதா என்று பார்த்தபின் டிஸ்கில் போடுவதே நல்லது. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருளோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99-உம் ஒலிப்புமுறையும் இரண்டுமே கிடைக்கும். பழைய கடிதங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தது கண்டு அம்மா கலங்கிவிட்டார். எழுத்துரு ஃபைலைப் பழைய படிமத்திலிருந்து எடுத்து நிறுவியதும் அவர் கடிதங்கள் அவர் எழுதியபடியே திரும்பி வந்தன.

எஸ்எஸ்டிக்கு டீஃபிராக் வேண்டாம். அழித்த இடங்களை அதற்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை மின்ட் வாரம் ஒரு முறை தானே செய்துவிடுகிறது. கால்வாசி இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சொல்லிவிட்டுப் போகும், எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமலே போகும். அதனால் பேக்கப் முன்பைவிட இப்போதுதான் அவசியம். மாதம் ஒரு முறை வெளி டிஸ்குக்கு எடுப்பது என்று வைத்திருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்கின் மேல் சி5 பதினாறு என்று எழுதி ஒட்டிப் பெட்டியில் போட்டாயிற்று. இனி அதில் எதையும் எழுதப்போவதில்லை.

கேபினட்டை மூடுமுன் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டினேன். பேட்டரி மாற்றிய தேதி, பேஸ்ட் வைத்த தேதி, சாட்டா மோடு ஏஹெச்சிஐ, கூலரின் நான்காவது காலைப் பின்பக்கம் பார்த்து உறுதி செய்யவும். கீழே 4:50, 3:35, 3:22, 3:10, 0:57, 0:36 என்று ஆறு எண்கள். ஆறு மாதம் கழித்துத் தூசி தட்டத் திறக்கும்போது ஏழாவதை எழுத அதற்கடியில் இடம் விட்டிருக்கிறேன்.